ஸ்பீடி வெஸ்ட், ஜிம்மி பிரையன்ட்: ஸ்டீல் கிடாரும் மின்கிடாரும் சேர்ந்து ஓடிய காலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இருவரின் இசைத்தட்டை நான் யாரிடம் கேட்கக் கொடுத்தாலும், முதல் பாட்டு முடிவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். வாசிப்பது எத்தனை பேர், இது எந்த வாத்தியம், இவ்வளவு வேகம் உண்மைதானா என்று ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த இருவர்?

1950களின் முதற்பாதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சேர்ந்து வாசித்த இரண்டு அமெரிக்கக் கிடார் கலைஞர்கள். ஸ்பீடி வெஸ்டின் இயற்பெயர் வெஸ்லி வெப் வெஸ்ட். 1924-இல் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர்; வாசித்தது பெடல் ஸ்டீல் கிடார். ஜிம்மி பிரையன்ட் 1925-இல் ஜார்ஜியா மாநிலத்தின் மோல்ட்ரியில் பிறந்தார். முழுப்பெயர் ஐவி ஜான் பிரையன்ட். அவர் வாசித்தது மின்கிடார். கேப்பிடல் நிறுவனத்துக்காக இருவரும் குரல் இல்லாத வாத்திய இசைத்தட்டுகளை வரிசையாகப் பதிவு செய்தார்கள். 'ஃபிளேமிங் கிடார்ஸ்' என்ற பெயர் அவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. 'எரியும் கிடார்கள்' என்று தமிழில் சொன்னாலும் பொருத்தம் குறையவில்லை.

ஸ்டீல் கிடார் என்பது எஃகால் செய்த கிடாரா?

இல்லை. எஃகு இருப்பது வாசிப்பவரின் இடது கையில். சாதாரணக் கிடாரில் கழுத்தின் குறுக்கே சிறு உலோகப் பட்டைகள் பதித்திருப்பார்கள். வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அதேதான். விரலால் தந்தியை அழுத்தினால் அந்த மெட்டுக்குரிய சுரம் ஒலிக்கும். அதற்கும் அடுத்த மெட்டுக்கும் நடுவில் உள்ளவை எளிதில் கிடைக்காது. ஸ்டீல் கிடாரைக் கிடையாக வைத்து, தந்திகளை மெட்டிலிருந்து நன்றாக மேலே தூக்கிவிட்டு, வழவழப்பான ஒரு எஃகுக் கட்டையைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கிறார்கள். அழுத்துவதில்லை, வழுக்கிச் செல்கிறார்கள். அதனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் போக முடிகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாரு என்று சொன்னால் போதும்.

இந்த முறை ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற இளைஞர் இதை வளர்த்தெடுத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய் இசை மோகம் அமெரிக்கா முழுவதும் பரவியது. கிராமப்புற வெள்ளையர்களின் இசைக்குள் இந்தச் சாய்ந்த, குழைந்த ஒலி நுழைந்தது அப்படித்தான். இன்றைக்குக் கன்ட்ரி இசை என்றதும் நினைவுக்கு வரும் அந்த அழுகைக் குரல் கடல் கடந்து வந்த விருந்தாளி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெடல் எதற்கு?

எஃகுக் கட்டை நேரானது. எல்லாத் தந்திகளையும் ஒரே கோட்டில்தான் தொடும். அதனால் தந்திகளை எந்த முறையில் சுருதி கூட்டியிருக்கிறோமோ அந்தச் சுரக்கூட்டணி மட்டுமே மேலும் கீழும் நகரும். வேறு வகைக் கூட்டணி வேண்டுமென்றால் வேறு சுருதி கூட்டிய இன்னொரு கழுத்துக்குத் தாவ வேண்டும். ஸ்டீல் கிடார்களில் இரண்டு கழுத்து, மூன்று கழுத்து என்று அடுக்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். காலால் மிதித்தால் குறிப்பிட்ட சில தந்திகள் மட்டும் இழுபட்டுச் சுருதி மாறும்படி செய்தால் ஒரே கழுத்தில் பல கூட்டணிகள் கிடைக்கும். பெடல் செய்யும் வேலை அவ்வளவுதான்.

1948-இல் பால் பிக்ஸ்பி என்பவர் வெஸ்டுக்கு மூன்று கழுத்தும் நான்கு பெடலும் கொண்ட ஒரு ஸ்டீல் கிடாரைச் செய்து கொடுத்தார். கலிஃபோர்னியாவின் டௌனி என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த பிக்ஸ்பி, அச்சு வார்ப்புத் தொழிலில் தேர்ந்தவர், மோட்டார் சைக்கிள் பித்தர். அந்த இரும்பு வேலையின் நேர்த்தியை அப்படியே வாத்தியத்துக்குக் கொண்டுவந்தார். மேபிள் மரத்தால் செய்த அந்தக் கிடாரின் முன்பலகையில் வெஸ்டின் பெயர் பெரிதாகப் பதித்திருக்கும். புகைப்படங்களில் பார்த்தால் இசைக்கருவி என்பதைவிட மேடை அலங்காரம் போலத் தோன்றும். பெடல் ஸ்டீலை முதலில் கையில் எடுத்த கன்ட்ரி இசைக் கலைஞர்களில் வெஸ்ட் ஒருவர்.

மின்கிடார் வந்த பிறகுதான் ஸ்டீல் கிடாருக்கு மின்சாரம் வந்ததா?

தலைகீழ். வணிகமாக வெற்றி பெற்ற முதல் மின்கிடார் என்று சொல்லப்படுவதே ஒரு ஸ்டீல் கிடார்தான். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் வடிவமைத்து ரிக்கன்பாக்கர் பெயரில் வந்த அலுமினியக் கிடார் அது. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்றே மக்கள் அழைத்தார்கள். மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியம், நடனக்கூடத்தில் பித்தளைக் குழல்களுக்கு நடுவே கேட்க வேண்டும் என்ற தேவையே மின்சாரத்தை உள்ளே கொண்டுவந்தது. நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் கிடார் அதன் பின்னால்தான் வந்தது.

இவர்களுக்கு முன் இப்படி இணையாக வாசித்தவர்கள் இல்லையா?

இருந்தார்கள், அவர்களைச் சொல்லாமல் விடுவது அநியாயம். டெக்சஸில் மில்டன் பிரௌனின் குழுவில் இருந்த பாப் டன், 1935 ஜனவரியில் மின்சார ஸ்டீல் கிடாரைப் பதிவு செய்தார். டிராம்போன் ஊதுபவரைப் போல வெட்டி வெட்டி வாசிப்பார். ஹவாய்க் கனவின் மென்மை அதில் துளியும் இருக்காது. அடுத்து பாப் வில்ஸின் டெக்சஸ் பிளேபாய்ஸ் குழு. லியான் மெக்காலிஃப் ஸ்டீல், எல்டன் ஷாம்ப்ளின் மின்கிடார். 1941-இல் அவர்கள் பதிவு செய்த 'ட்வின் கிடார் ஸ்பெஷல்' இந்த வகைக்கே பிள்ளையார் சுழி எனலாம். இரண்டு கிடார்களும் ஒரே வடிவத்தை இரண்டு சுருதிகளில் இணையாக வாசிக்கும்; ஊதுகுழல் வரிசை செய்யும் வேலையை இரண்டே ஆட்கள் செய்துவிடுவார்கள்.

ஆனால் ஷாம்ப்ளினும் மெக்காலிஃபும் வாசித்தது பெரிய நடனக் குழுவின் உள்ளே, வில்ஸ் சைகை காட்டும்போது மட்டும். வெஸ்டும் பிரையன்டும் வந்தபோது இரண்டு கிடார்களே முழுப் பாட்டாகிவிட்டன. தட்டின் மேல் அவர்கள் பெயர்தான் இருந்தது. பாடகர் இல்லை, குழுத்தலைவர் இல்லை. அந்த மாற்றம் சின்னதில்லை.

டெக்சஸில் பிறந்த இசை கலிஃபோர்னியாவுக்கு எப்படிப் போனது?

பிழைப்பு தேடிப் போனவர்களோடு. 1930களின் புழுதிப் புயலும் பொருளாதார மந்தமும் ஓக்லஹோமா, டெக்சஸ், ஆர்கன்சா குடும்பங்களை மேற்கே விரட்டின. போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகள் இன்னும் பல்லாயிரம் பேரை இழுத்தன. கையில் கூலி இருந்தது. வார இறுதியில் ஆட நடனக்கூடம் வேண்டியிருந்தது. ஸ்பேட் கூலி போன்றவர்களின் குழுக்கள் அங்கே வளர்ந்தன. 1946-இல் கலிஃபோர்னியா வந்த வெஸ்டும் ஸ்பேட் கூலியின் குழுவில் கொஞ்ச காலம் வாசித்தார். 1942-இல் தொடங்கிய கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தது. ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் பட்டறை. டௌனியில் பிக்ஸ்பி. ஆட்டம், தட்டு, வாத்தியம் செய்பவர் என்று மூன்றும் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருந்த ஊர் அன்றைக்கு வேறு எங்கும் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

பிரையன்டின் வாசிப்பில் ஏன் பிடிலின் சாயல் இருக்கிறது?

அவர் முதலில் பிடில்காரர். சிறுவயதிலேயே வாசிக்கத் தொடங்கி, மந்தக் காலத்தில் தெருமுனைகளில் நின்று காசுக்கு வாசித்தவர். போரில் ஜெர்மனியில் காயம்பட்டார். கிடாரில் முழு மூச்சாக இறங்கியது அந்தக் காயத்திலிருந்து தேறிய காலத்தில்தான். டோனி மொட்டோலா என்ற ஜாஸ் கிடார் கலைஞரின் தாக்கம் அப்போது படிந்தது.

வில்லை இழுத்து வாசிக்கும் ஒருவர் சுரங்களைக் கொத்தாக நினைப்பதில்லை, கோடாக நினைக்கிறார். 'ஓல்ட் ஜோ கிளார்க்' என்ற பழைய பிடில் மெட்டை இந்த இணை வாசித்திருக்கிறது. பிரையன்டின் கை அதில் எங்கும் தயங்குவதில்லை. சிறுவயதில் நடந்த தெருவில் திரும்ப நடப்பவரைப் போலப் போகிறது. பிடிலில் இல்லாத ஜாஸ் வளைவுகளை அதே கோட்டில் செருகிக்கொண்டே போவார்.

அவர் வாசித்த கிடார் எது?

பெரும்பாலும் ஃபெண்டரின் டெலிகாஸ்டர். 1950-இல் அது 'பிராட்காஸ்டர்' என்ற பெயரோடு வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏற்கெனவே அந்தப் பெயரை ஒத்த டிரம்களை விற்றுக்கொண்டிருந்ததால் அடுத்த ஆண்டு பெயர் மாறியது. லியோ ஃபெண்டர் தன் புதிய கிடாரை எடுத்துக்கொண்டு நடனக்கூடங்களுக்குப் போய்க் கலைஞர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அப்படித் தொடக்கத்திலேயே வாங்கி வாசித்தவர்களில் பிரையன்ட் முக்கியமானவர். உள்ளே குடைவில்லாத கட்டிப் பலகை என்பதால் ஒலி கணீரென்று வெட்டி நிற்கும். வேகமாக வாசித்தாலும் ஒரு சுரம் அடுத்ததன் மேல் வழியாது. பிரையன்டின் விரலும் அந்தப் பலகையும் ஒன்றுக்கொன்று செய்து வைத்தது போலப் பொருந்தின.

இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

லாஸ் ஏஞ்சலஸின் மலிவான மதுக்கூடங்கள் நிறைந்த வீதியில் பிரையன்ட் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் வெஸ்ட் அவரைக் கேட்டார். பிறகு கிளிஃபி ஸ்டோன் நடத்திய 'ஹோம்டவுன் ஜாம்பரி' என்ற வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருவரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். எல் மாண்டே ஊரின் லீஜன் ஸ்டேடியத்திலிருந்து வாராவாரம் நடந்த நிகழ்ச்சி அது. வாராவாரம் கூட்டத்தின் முன்னால் வாசித்தால் ஒருவர் மூச்சு இழுப்பது மற்றவருக்குத் தெரிந்துவிடும். இசைத்தட்டுகளில் கேட்கும் அந்த ஒட்டுதலுக்கு நான் காணும் காரணம் இதுதான்.

டேப்பை வேகமாக ஓட்டிப் பதிவு செய்தார்களா?

அதிகம் வரும் கேள்வி. சந்தேகத்துக்கு நியாயமான காரணமும் இருக்கிறது: அதே காலத்தில் அதே கேப்பிடல் நிறுவனத்தில் லெஸ் பால் என்ற கிடார் கலைஞர் வேகத்தை மாற்றும் வித்தையைத்தான் செய்துகொண்டிருந்தார். 1948-இல் வெளிவந்த அவருடைய 'லவர்' ஒரே ஆள் பலமுறை வாசித்து அடுக்கியது. சில அடுக்குகள் பாதி வேகத்தில் பதிவு செய்து முழு வேகத்தில் ஓட்டியவை. அது வேறு வகை மேதைமை. அதையும் நான் மதிக்கிறேன்.

வெஸ்டும் பிரையன்டும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், தாளக் குழுவோடு அமர்ந்து வாசித்தார்கள். இதைக் காதால் சரிபார்த்துக்கொள்ளலாம். வேகம் கூட்டிய பதிவில் ஒலியின் நிறம் மெலிந்து கொசுவின் ரீங்காரம் போலாகும். இவர்களுடைய பதிவுகளில் பாஸின் அடி கனமாகவே இருக்கிறது, டிரம்மின் தோல் தோலாகவே ஒலிக்கிறது.

நான் ஒருமுறை 'ஃப்ரெட்டின் ஃபிங்கர்ஸ்' பதிவைக் கணினியில் பாதி வேகத்துக்குக் குறைத்துக் கேட்டேன். அரைகுறையாக விழுங்கப்பட்ட சுரம் ஏதாவது தட்டுப்படும் என்றுதான் காத்திருந்தேன். கிடைத்தது வேறு. பாதி வேகத்திலும் அது ஒரு நல்ல பாட்டாகவே இருந்தது. ஒவ்வொரு வரியும் எங்கே போகிறோம் என்று தெரிந்து போய்க்கொண்டிருந்தது. வேகத்துக்காக வாசித்திருந்தால் மெதுவாக்கியதும் வெறும் பயிற்சிப் பாடம்தான் மிஞ்சியிருக்கும்.

நடுவில் ஏதோ தகரம் விழுந்தது போல ஒரு சத்தம் வருகிறதே?

அது வெஸ்ட். எஃகுக் கட்டையைத் தந்திகளின் மேல் மெதுவாக வைத்து நகர்த்துவதுதான் மரபு. அவர் அதை மேலிருந்து ஓங்கி இறக்குவார். இறக்கிய வேகத்திலேயே கட்டையைக் கழுத்தின் நுனி வரை இழுத்துவிடுவார். ஒரு கொத்துச் சுரம் வெடித்து, உயரத்திலிருந்து சரிந்து, அடிமட்டத்தில் போய் உறுமி நிற்கும். ஓர் அரை நொடிதான். கட்டையைத் தந்திமேல் துள்ள விடுவது, ஒலியின் கூர்மையைத் திருகியால் கூட்டிக் குறைத்து 'ப்வா' என்று வாய் திறந்து மூடுவது போலச் செய்வது, விரல் நுனியால் தொட்டு மணி போன்ற ஒலியை எடுப்பது என்று அவரிடம் ஒரு பெட்டி நிறையக் கருவிகள் இருந்தன.

இதை வித்தை காட்டல் என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படமாட்டேன். அந்த வெடிப்பு எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பிரையன்ட் நீளமாக, மூச்சு விடாமல் ஒரு வரியை வாசித்து முடிக்கும் இடத்தில் வருகிறது. அதற்கு மேல் நேர்த்தியாக ஒரு பதில் சொல்ல முயன்றால் போட்டியாகிவிடும். வெஸ்ட் மேசையை ஓங்கித் தட்டுகிறார். பேச்சின் போக்கே மாறிவிடுகிறது. அடுத்த வரியில் பிரையன்டும் கொஞ்சம் முரடாக வாசிக்கிறார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டுவிட்டுப் பேசுவது இவர்களிடம் எப்போதும் நடக்கிறது. வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னை இருபது முறை திரும்பக் கேட்க வைப்பது இந்தக் கேட்கும் குணம்தான்.

'ஸ்ட்ராடோஸ்ஃபியர் பூகி'யில் மூன்றாவது கிடார் வாசிப்பது யார்?

யாரும் இல்லை. இரண்டு மின்கிடார்கள் இணைந்து ஓடுவது போலக் கேட்பது முழுக்கப் பிரையன்ட் ஒருவரே. 1954-இல் பதிவான இந்தப் பாட்டுக்கு அவர் பயன்படுத்தியது ஸ்ட்ராடோஸ்ஃபியர் ட்வின் என்ற இரட்டைக் கழுத்துக் கிடார். வெஸ்ட் பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டில் செய்யப்பட்டது. ஒரு கழுத்தில் வழக்கமான ஆறு தந்தி, இன்னொன்றில் பன்னிரண்டு.

பன்னிரண்டு தந்திக் கிடாரில் தந்திகள் இரண்டிரண்டாக, ஒரே சுரத்திலோ ஒரு ஸ்தாயி விலகியோ இருப்பது வழக்கம். இதில் ஒவ்வொரு ஜோடியையும் மூன்றாம் சுர இடைவெளியில் கூட்டியிருந்தார்கள். ஒரு ஜோடியை அழுத்தினால் 'ச'வும் 'க'வும் சேர்ந்து ஒலிக்கும். ஒரு விரலில் இரண்டு கிடார்.

எளிதாகத் தோன்றும். தந்திரம் இங்கேதான் இருக்கிறது. சங்கராபரணத்தின் சுரங்களில் ஏறுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 'ச'வுக்கு இணை 'க': பெரிய இடைவெளி, நான்கு அரைச்சுரம். 'ரி'க்கு இணை 'ம': மூன்றே அரைச்சுரம். 'க'வுக்கு 'ப', அதுவும் மூன்று. 'ம'வுக்கு 'த', மறுபடி நான்கு. ஒவ்வொரு படியிலும் தேவைப்படும் இடைவெளி மாறுகிறது. ஆனால் ஒரு ஜோடித் தந்தியின் இடைவெளி கூட்டியது கூட்டியதுதான், மாறாது. ஆகவே ஒரு ஜோடியிலேயே தொடர்ந்து ஏறினால் அபசுரம் விழும். எந்தச் சுரத்தைப் பெரிய இடைவெளி ஜோடியில் எடுப்பது, எதைச் சிறிய இடைவெளி ஜோடியில் எடுப்பது என்று ஒவ்வொரு வரிக்கும் புதிதாக விரல் வழி கண்டுபிடிக்க வேண்டும். அதுவரை கற்ற கைப்பழக்கம் எதுவும் உதவாது. பிரையன்ட் அதை பூகி வேகத்தில் செய்கிறார். அந்தக் கிடார் அதிகம் விற்கவில்லை என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

இது கன்ட்ரி இசையா, ஜாஸா?

கன்ட்ரி கடையில் விற்ற ஜாஸ் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பிரிப்பில் ஈடுபாடு இல்லை. மெட்டின் எலும்பு பிடில் நடனத்திலிருந்து வருகிறது, மனோதர்மம் ஜாஸிலிருந்து வருகிறது, ஸ்டீலின் குழைவு ஹவாயிலிருந்து. டிரம் வாசித்த ராய் ஹார்ட், 1952-இல் பசிஃபிக் ஜாஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜாஸ் உலகத்தின் நடுவில் நின்ற அந்த மனிதர் இங்கே வந்து விருப்பத்தோடு அமர்ந்திருக்கிறார்.

கூட வாசித்த மற்றவர்கள்?

பாஸ் கிளிஃபி ஸ்டோன், தாளக் கிடார் பில்லி ஸ்ட்ரேஞ்ச், அக்கார்டியனும் பியானோவும் பில்லி லீபர்ட், டிரம் ராய் ஹார்ட். பெரும்பாலான பதிவுகளில் இவர்களில் பலர் இருப்பார்கள். முன்னால் இருவர் கயிற்றின் மேல் நடக்கும்போது, கயிற்றை அசையாமல் பிடித்திருந்தவர்கள் இவர்கள்.

பாடகர்களுக்கும் வாசித்தார்களா?

நிறைய. சோறு போட்டதே அதுதான். டென்னசி எர்னி ஃபோர்டும் கே ஸ்டாரும் 1950-இல் பாடிய 'ஐ'ல் நெவர் பி ஃப்ரீ' பாட்டில் இருவரும் வாசித்தார்கள். அது கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியல்களிலும் ஏறியது. பின்னாளில் 1960-இல் லொரெட்டா லின்னின் முதல் பாட்டுக்கு ஸ்டீல் வாசித்தவரும் வெஸ்டே. ஒரு புதுப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் தன்னை எவ்வளவு அடக்கிக்கொள்ள வேண்டுமோ அவ்வளவு அடக்கி வாசித்திருக்கிறார். பிரையன்ட் எழுதிய 'தி ஒன்லி டாடி தட்'ல் வாக் தி லைன்' 1968-இல் வேலன் ஜென்னிங்ஸ் குரலில் பெரிய வெற்றி பெற்றது. அந்தப் பாட்டைத் தெரிந்த பலருக்கு அதை எழுதியவரின் கிடாரைத் தெரியாது. எனக்கு அது ஒரு மனக்குறைதான்.

அப்புறம் ஏன் பிரிந்தார்கள்?

பிரையன்ட் வளைந்து கொடுக்காதவர். கேப்பிடலின் தயாரிப்பாளர் கென் நெல்சனோடு கருத்து வேறுபாடு முற்றி 1956-இல் நிறுவனத்தை விட்டார். அதே சமயத்தில் ராக் அண்ட் ரோல் வானொலியைப் பிடித்துக்கொண்டது. நாஷ்வில் நகரம் கன்ட்ரி இசையின் தலைநகராக இறுகியது. லாஸ் ஏஞ்சலஸின் வேலை சுருங்கியது. பெடல் ஸ்டீலிலும் ரசனை மாறிவிட்டது. 1954-இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துத் தந்தியை வளைத்தார். அந்த ஏக்க ஒலியைத்தான் அதன் பிறகு எல்லோரும் கேட்டார்கள். வெஸ்டின் வெடிப்பும் துள்ளலும் பழைய நாணயமாயின.

வெஸ்ட் 1960-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகருக்குப் போய், ஃபெண்டர் கிடார்களின் விநியோகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். பிரையன்ட் 1960களில் தனியாகச் சில இசைத்தட்டுகள் வெளியிட்டார்.

மீண்டும் சேர்ந்து வாசித்தார்களா?

ஒரே ஒருமுறை, 1975-இல், நாஷ்வில்லில். ஸ்டீல் கலைஞர் பீட் டிரேக் அந்தப் பதிவைத் தயாரித்தார். அது வெளிவந்தது 1990-இல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1980 செப்டம்பரில், பிரையன்ட் தான் பிறந்த மோல்ட்ரியிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டார், வயது 55. அடுத்த ஆண்டு வெஸ்டுக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பிறகு அவரால் வாசிக்க முடியவில்லை. 2003 வரை வாழ்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள், கை ஓய்ந்து. இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடுவதில்லை.

இந்தியாவில் இந்த வாத்தியம் வந்ததா?

பெடல் ஸ்டீல் இங்கே வேரூன்றவில்லை. அதன் தாய் வந்தது. ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ என்ற கலைஞர் 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். அதற்குப் பிறகு ஹவாய்க் கிடார் வங்காளப் பாடல்களிலும் இந்தித் திரையிசையிலும் நன்றாகக் கலந்துவிட்டது. வான் ஷிப்லி, ஹஜாரா சிங், சுனில் கங்குலி போன்றவர்களின் இசைத்தட்டுகளை ஒரு காலத்தில் வானொலியில் நிறையக் கேட்கலாம்.

சித்திரவீணை என்னும் கோட்டுவாத்தியம் வழுக்கி வாசிக்கும் அதே குடும்பத்து முறையைக் கொண்டது. மெட்டு இல்லாத பலகை, தந்திமேல் நகரும் கட்டை. ஆனால் அதற்கும் ஹவாய்க்கும் உறவு தேடி முடிச்சுப் போட வேண்டியதில்லை. வழுக்கினால் குரல் போல ஒலிக்கும் என்பதை வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு கைகள் கண்டுகொண்டிருக்கின்றன.

எந்தப் பதிவில் தொடங்குவது?

'ஸ்ட்ராடோஸ்ஃபியர் பூகி'யில் தொடங்காதீர்கள். மலைத்துப் போய் விலகிவிடுவீர்கள். முதலில் வெஸ்டின் 'வெஸ்ட் ஆஃப் ஹவாய்'. 'மேற்கு' என்ற சொல்லும் தன் பெயரும் ஒன்றாக இருப்பதை வைத்து இட்ட தலைப்பு. ஸ்டீலின் குழைவு காதுக்குப் பழகும். அடுத்து 'ஸ்பீடின் வெஸ்ட்'. மூன்றாவதாக 'ஓல்ட் ஜோ கிளார்க்'. அதன் பிறகு ஆல்பமாகக் கேட்க வேண்டுமென்றால் 1954-இல் வந்த 'டூ கிடார்ஸ் கன்ட்ரி ஸ்டைல்'.

ஒரே பாட்டை இரண்டு முறை கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் முறை பிரையன்டை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, பிரையன்ட் வாசிக்கும்போது வெஸ்ட் என்ன செய்கிறார் என்று மட்டும் கேளுங்கள். சும்மா இருக்கும் இடங்களும் கணக்கில் உண்டு.

என்னிடம் சாதாரணக் கிடார் இருக்கிறது. இந்த ஒலியை வீட்டில் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. பழைய கிடார் ஒன்றை எடுங்கள். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் தந்திகளின் அடியில் ஒரு பென்சிலைக் குறுக்காகச் செருகுங்கள். தந்திகள் மெட்டிலிருந்து விலகி நிற்கும். ஆறு தந்தியையும் ஒரே கூட்டணியாக ஒலிக்கும்படி தளர்த்திக் கூட்டுங்கள். மேற்கத்திய C-யை 'ச' என்று வைத்துக்கொண்டால், தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ரி, ப, ரி, ப, நி, ரி என்ற வரிசை போதும், ஹவாய்க்காரர்களின் பழைய முறை அது. கிடாரை மடியில் படுக்க வையுங்கள். எஃகுக் கட்டைக்கு, மெக்கானிக் கடையில் கிடைக்கும் நீளமான ஸ்பானர் சாக்கெட் ஒன்று நன்றாக உதவும்.

அழுத்தாதீர்கள். சாக்கெட்டின் எடையே போதும். மெட்டுக்கு நடுவில் வைத்தால் சுருதி தப்பும். உலோகப் பட்டைக்கு நேர் மேலே வைக்க வேண்டும். கட்டைக்குப் பின்னால் உங்கள் மற்ற விரல்கள் தந்திகளை லேசாகத் தொட்டுக்கொண்டே போகட்டும், இல்லாவிட்டால் கரகரவென்று இரைச்சல் வரும். நான் முதல் முறை செய்தபோது ஒரு மணி நேரம் இரைச்சல்தான் வந்தது. பிறகு ஒரே ஒரு தடவை, ஐந்தாவது பட்டையிலிருந்து ஏழாவதுக்குப் போகும் வழியில், ஆறு தந்தியும் ஒன்றாக வாய் திறந்தன. பக்கத்து அறையில் இருந்த அம்மா, "யார் பாடுவது?" என்று கேட்டார்.